கோயில் வகுப்பின் 2009 கணினி: ரங்கூனிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

“தம்பி, இதை எடைக்குப் போட்டுவிடலாமா?” என்று கோயில் கணக்கு எழுதும் ஐயா கேட்டபோது, கணினியைப் போட்டு நாலு நிமிடம் ஆகியிருந்தது, திரையில் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ரங்கூனில் எங்கள் பகுதிக் கோயிலின் பின்கட்டில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கும் அறை ஒன்று இருக்கிறது, அங்கே ஜன்னலோரம் நிற்கிற மேசைக் கணினி அது. நான் ஒரு கடையில் கணக்கு பார்ப்பவன். கணினி பழுது பார்ப்பது பழக்கத்தில் வந்தது, அதனால் கோயிலில் எது மக்கர் செய்தாலும் எனக்குத்தான் ஆள் வரும்.

எடைக்குப் போட வேண்டாம், ஒரு மாதம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். அந்த ஒரு மாதத்திலும் அதற்குப் பிறகும் நடந்ததை நடந்தபடி இங்கே எழுதுகிறேன், சரிப்படாமல் போனதையும் சேர்த்து. பழைய கணினிக்கு இலவச மென்பொருள் என்று தேடினால் ‘சிறந்த 25’, ‘கட்டாயம் வேண்டிய 50’ என்று பட்டியல்கள் வரிசைகட்டி வருகின்றன. அவற்றை வைத்துக்கொண்டு எங்களால் ஒரு அடி நகர முடியவில்லை. அந்த நாற்காலியில் யார் யார் உட்காருகிறார்கள், எந்த எழுத்தில் தட்டுகிறார்கள், கரண்ட் எத்தனை மணிக்குப் போகும், கையில் எவ்வளவு டேட்டா இருக்கிறது, இதையெல்லாம் முதலில் எழுதி வைத்த பிறகுதான் வேலை ஓடத் தொடங்கியது.

நாற்காலியில் உட்காருபவர்கள் மூன்று தரப்பு. கணக்கு எழுதும் ஐயா: உபயக் கணக்கு, திருவிழா நோட்டீஸ், நன்கொடைக் கடிதம். தமிழிலும் பர்மியத்திலும் அடிக்க வேண்டும், பழைய தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் பழகிய விரல்கள். அடுத்து வகுப்பு எடுக்கும் அக்கா: பயிற்சித் தாள் தயாரிப்பார், பாட்டு, கதை வீடியோ போட்டுக் காட்டுவார், போனில் அடிப்பது போல ஒலிப்பு முறையில்தான் தமிழ் தட்டுவார். மூன்றாவது பிள்ளைகள், எட்டு வயதிலிருந்து பதினாலு வரை, வீட்டில் பாதி தமிழ் பாதி பர்மியம் பேசுகிறவர்கள்.

கணினியின் உடம்பு இப்படி: இன்டெல் கோர் 2 டுவோ இ7500, 2.93 கிகாஹெர்ட்ஸ், 2009-இல் வந்த சிப். ஜி31 சிப்செட் மதர்போர்டு, 2 ஜிபி டிடிஆர்2 ராம் ஒரே குச்சியாக, 160 ஜிபி ஹார்டிஸ்க். அதில் உரிமம் இல்லாத விண்டோஸ் 7. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியது 2020 ஜனவரி 14. குரோம் உலாவி 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. அதாவது கணினி ஓடும், ஆனால் அதற்குக் காவல் இல்லை.

முதலில் நோயைப் பார்த்தோம்

இணையம் வேலை செய்யவில்லை என்பது அக்காவின் பெரிய புகார். எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்றே வருமாம், இணையத்தையே தடுத்துவிட்டார்கள் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். திரையின் வலது மூலையைப் பார்த்தேன், தேதி 2009 ஜனவரி 1. மதர்போர்டில் இருக்கும் பட்டன் செல் செத்துப்போயிருந்தது. எங்கள் பக்கம் கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது, ஒவ்வொரு முறை போய் வரும்போதும் கடிகாரம் பிறந்த வருடத்துக்குத் திரும்பிவிடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் ‘இன்ன தேதியிலிருந்து செல்லும்’ என்று எழுதப்பட்டது, கணினி 2009-இல் இருந்தால் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று அதற்குத் தோன்றும், அதனால் மறுக்கும். சிஆர்2032 செல் ஒன்று போட்டு தேதியைத் திருத்தினேன், இணையம் வந்துவிட்டது. எந்த மென்பொருளும் தேவைப்படாத பழுது இது. பழைய கணினியைத் தொடுகிறவர்கள் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது வேகம். பெட்டியைத் திறந்தால் விசிறியில் சாம்பிராணிப் புகையும் தூசியும் கலந்து கறுப்புப் பஞ்சு மாதிரி அப்பியிருந்தது. சுத்தம் செய்து, சிப்புக்கும் விசிறித் தகட்டுக்கும் நடுவே காய்ந்து மாவாகிவிட்ட பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். கொஞ்சம் முன்னேற்றம், ஆனால் மூல காரணம் அது இல்லை. ஹார்டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தை எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது: 197-ஆம் எண், அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் (டிஸ்கின் சிறு துண்டுகள்), பூச்சியமாக இருக்க வேண்டியது இரண்டு இலக்கத்துக்குப் போயிருந்தது. டிஸ்க் சாகத் தொடங்கிவிட்டது. கணினி நின்று நின்று ஓடியதற்குக் காரணம், டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்றதுதான்.

இந்த நிலையில் எந்த மென்பொருளையும் அந்த டிஸ்கில் நிறுவக்கூடாது. ‘வேகப்படுத்தும்’ மென்பொருளை ஓடவிடவே கூடாது, டிஃப்ராக், அதாவது சிதறிய கோப்புத் துண்டுகளை அடுக்கி வைக்கும் வேலை, செய்யக்கூடாது. சாகும் டிஸ்கை மேலும் ஓட்டினால் இருக்கிற கோப்பும் போய்விடும். பென்டிரைவில் பப்பி லினக்ஸ் போட்டு அதிலிருந்து கணினியைத் தொடங்கினேன். பாரி கவுலர் 2003-இல் தொடங்கிய மிகச் சிறிய இயங்குதளம் அது, தன்னை முழுதாக ராமுக்குள் ஏற்றிக்கொண்டு ஓடும், ஹார்டிஸ்கைத் தொடவே தொடாது. பிறகு குனு டிடிரெஸ்க்யூ, கெட்டுப்போகும் டிஸ்கைப் பிரதி எடுக்கும் கருவி. இதன் குணம் எனக்கு மிகவும் பிடிக்கும்: நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் வேகமாக அள்ளிக்கொள்ளும், கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் அதைக் குறித்து வைத்துவிட்டு நகரும், கடைசியில் திரும்பி வந்து விட்ட இடங்களை ஒவ்வொன்றாக முயலும். எங்கே நின்றது என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொள்வதால் நடுவில் கரண்ட் போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். ரங்கூனில் அது பெரிய விஷயம். இரண்டு மூன்று முறை கரண்ட் போய் வந்தது, மறுநாள் மாலைக்குள் முழு டிஸ்கும் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதியாகிவிட்டது. ஐயாவின் கோப்புகளில் சில படங்கள் தவிர எல்லாம் பிழைத்தன.

என்ன வாங்கினோம், எதை நிறுவினோம்

காசு கொடுத்து வாங்கியது மூன்றே பொருள்: அந்தப் பட்டன் செல், இன்னொரு 2 ஜிபி ராம், ஹார்டிஸ்குக்குப் பதிலாக, சுற்றும் தட்டு இல்லாத சின்ன எஸ்எஸ்டி ஒன்று. ஜி31 போர்டு 4 ஜிபிக்கு மேல் ஏற்காது, அதனால் அதற்கு மேல் ஆசைப்பட்டுப் பயனில்லை. ராம் பழைய சாமான் கடையில் கிடைத்தது. போர்டின் சாட்டா இணைப்பு இந்தக் கால எஸ்எஸ்டியின் முழு வேகத்தைத் தராது, இருந்தாலும் தட்டு சுற்றி ஊசி தேடும் நேரம் மொத்தமாக ஒழிந்துவிடுவதால் பழைய கணினிக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை என்பது என் அனுபவம்.

இயங்குதளம் எது என்பதில் கொஞ்சம் அலைந்தோம். விண்டோஸ் 7-ஐயே திரும்பப் போட்டால் என்ன என்று ஐயா கேட்டார், நியாயமான கேள்வி, கை பழகிய இடம். இணையமும் பென்டிரைவும் அண்டாத கணினியாக இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். ஆனால் நோட்டீஸ் அச்சடிக்க பென்டிரைவ் கடைக்குப் போய் வரும், வரும்போது ஃபோல்டர்களையெல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றும் வைரஸைக் கூட்டிக்கொண்டு வரும். இந்தக் கணினியிலேயே அது குடியிருந்தது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு பொதுவான ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்தச் சிப்பை ஏற்காது.

அதனால் விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளக் குடும்பத்துக்குப் போனோம். லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, பப்பி, டெபியன் 13 எக்ஸ்எஃப்சிஇ (எக்ஸ்எஃப்சிஇ என்பது எடை குறைந்த திரை முகப்பு), மூன்றையும் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தோம். பப்பிதான் எல்லாவற்றிலும் வேகம், ஆனால் அது வழக்கமாகவே நிர்வாகி உரிமையோடு ஓடுகிறது, பிள்ளைகள் தொடுகிற கணினிக்கு எனக்கு அது ஒப்பவில்லை. மின்ட் அழகாக இருந்தது, குறைந்தது 2 ஜிபி, நல்லபடி ஓட 4 ஜிபி என்று அவர்களே சொல்கிறார்கள், எங்களுக்குச் சரியாகக் கழுத்து வரை. டெபியன் கொஞ்சம் மொட்டையாகத் தெரிந்தாலும் குறைவாகத் தின்றது, வேண்டியதை மட்டும் சேர்க்கலாம் என்பதால் அதையே பிடித்துக்கொண்டோம். 2025 ஆகஸ்டில் வந்த பதிப்பு.

இங்கே ஒரு எச்சரிக்கை. உங்கள் கணினி 64 பிட்டா 32 பிட்டா என்று முதலில் பாருங்கள். கோர் 2 டுவோ 64 பிட். பழைய ஆட்டம் என்270 போட்ட சின்ன நெட்புக்குகள் 32 பிட், அவற்றுக்கு டெபியன் 13-இல் நிறுவி கிடையாது. டெபியன் 12-ஐப் போடலாம், அதன் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை இருக்கிறது. இல்லையென்றால் ஆன்டிஎக்ஸ் பாருங்கள், அவர்கள் 32 பிட்டைக் கைவிடவில்லை.

டெபியனின் ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது நிறுவும் வட்டின் முழுப் பிரதியை, நல்ல இணைப்பு இருக்கும் நண்பர் ஒருவர் இறக்கி பென்டிரைவில் கொண்டுவந்தார். கையிலிருந்து கைக்கு வருகிற கோப்பு என்பதால் கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ256 எண்ணை டெபியன் தளத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே போட்டேன். இதில் சோம்பல் கூடாது. அதற்கப்புறம் மாதாந்திரத் திருத்தங்களுக்கு ஏப்டி-ஆஃப்லைன் என்ற கருவி கைகொடுக்கிறது: எங்கள் கணினி தனக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு சிறு கோப்பில் எழுதித் தரும், அந்தக் கோப்பை நண்பரிடம் கொடுத்தால் அவர் கணினி அவற்றை மட்டும் இறக்கும், திரும்பக் கொண்டுவந்து இங்கே ஏற்றலாம். டேட்டா அட்டையில் காசு கரைகிற ஊரில் இது எவ்வளவு பெரிய உதவி என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ராம் குறைவுக்கு இசட்ராம் போட்டேன். ராமின் ஒரு பகுதியிலேயே தகவலைச் சுருக்கி வைக்கும் வித்தை அது, சிப்புக்குக் கொஞ்சம் வேலை கூடும், டிஸ்குக்கு ஓடும் வேலை குறையும். ஜன்னல் நிழல், மறைவு போன்ற அலங்காரங்களை அணைத்துவிட்டேன். உலாவிக்கு ஃபயர்பாக்ஸ், அதில் யுபிளாக் ஆரிஜின். விளம்பரம் தடுப்பது கண்ணுக்கு நல்லது என்பது இருக்கட்டும், பழைய கணினிக்கு அது உயிர்: விளம்பர நிரல்கள் ஓடாததாலேயே பக்கங்கள் திறக்கும் வேகம் கண்ணெதிரே மாறுகிறது, டேட்டாவும் மிச்சம். வீடியோவுக்கு விஎல்சி, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, போட்டால் ஓடும்.

இலவசம் என்ற சொல்லில் இருக்கும் குழி

அக்கா முன்பு ‘இலவச தமிழ் டைப்பிங்’ என்று தேடி, பெரிய பச்சைப் பொத்தானை அமுக்கியிருக்கிறார். அந்தப் பொத்தான் விளம்பரம், உண்மையான இணைப்பு கீழே சின்ன எழுத்தில் இருந்திருக்கும். விளைவாக உலாவியின் முகப்பு மாறிவிட்டது, கணினியைச் ‘சுத்தம் செய்யும்’ மென்பொருள் மூன்று வந்து உட்கார்ந்துவிட்டன, ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் பிழைகள் இருப்பதாகப் பயமுறுத்தி, திருத்தக் காசு கேட்டது. அவர் மேல் தவறே இல்லை. அந்தப் பக்கங்கள் ஏமாற்றுவதற்கென்றே கட்டப்பட்டவை.

காசு இல்லாதது எல்லாம் இலவசம், அவ்வளவுதான். கட்டற்ற மென்பொருள் வேறு: மூல நிரல் திறந்திருக்கும், யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். எங்களைப் போன்றவர்களுக்கு இதில் நடைமுறைப் பலன் இரண்டு. உரிமத்துக்குப் பயப்படாமல் பென்டிரைவில் பிரதி எடுத்து அடுத்த கோயிலுக்குக் கொடுக்கலாம். அப்புறம், எழுதியவர் விட்டுவிட்டுப் போனாலும் இன்னொருவர் தூக்கி நடத்த முடியும். 2010-இல் ஓபன்ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளிலிருந்து பிரிந்து லிப்ரெஆபிஸ் பிறந்தது அப்படித்தான். டெபியனில் எல்லாமே அதன் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே வருவதால் பச்சைப் பொத்தானைத் தேடும் வேலையே அக்காவுக்கு இல்லாமல் போய்விட்டது. என்னைப் பொறுத்தவரை இந்த மாற்றத்தில் கிடைத்த மிகப் பெரிய பாதுகாப்பு அதுதான்.

எழுத்துச் சிக்கல்

மேலே சொன்னதெல்லாம் எந்த ஊரிலும் நடப்பது. எங்களுக்கு உண்மையான வேலை இங்கேதான் இருந்தது.

ஐயாவின் பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. பாமினியில் கணினிக்குள் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டது மாதிரி. ‘தமிழ்’ என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லையென்றால் வெறும் கிறுக்கல். எழுத்துருவைப் புதிய கணினியில் போட்டால் தெரியத்தான் செய்யும், ஆனால் தேட முடியாது, போனுக்கு அனுப்ப முடியாது. ஒரு பெயரைத் தேட வேண்டுமானால் பக்கம் பக்கமாகக் கண்ணால் ஓட்ட வேண்டும்.

நோட்டீஸின் பர்மியப் பாதி சௌஜியில். பர்மாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடு என்ற பொது முறையில் பர்மிய எழுத்து 1999-இலேயே வந்துவிட்டது, ஆனாலும் ஊரெல்லாம் சௌஜி என்ற எழுத்துருதான் பரவியது. அது யூனிகோடின் அதே எண்களை வேறு விதமாகப் பயன்படுத்தியதால் ஒன்றில் அடித்தது மற்றதில் குழம்பித் தெரியும். 2019 அக்டோபர் 1-இல் நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. போன்கள் மாறிவிட்டன, பழைய கோப்புகள் மாறவில்லை.

இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்ற உட்கார்ந்தபோது ஒன்றைக் கவனித்தேன். தமிழில் ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு இடப்பக்கம் நிற்கும், ஆனால் வாய் முதலில் சொல்வது ககரத்தை. யூனிகோடில் சேமிப்பது வாய் சொல்லும் வரிசையில், க முதலில், கொம்பு பிறகு. பாமினியில் கண் பார்க்கும் வரிசையில், கொம்பு முதலில். பர்மியத்திலும் இடப்பக்கம் நிற்கும் அதே மாதிரிக் குறி ஒன்று உண்டு, சௌஜியில் அதை எழுத்துக்கு முன்னால் வைப்பார்கள், யூனிகோடில் பின்னால் சேமிக்கும். இரண்டு மொழியும் ஒரே இடத்தில் இடறியிருக்கின்றன. இதை ஐயாவிடம் காட்டியபோது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் கேட்டார்.

மாற்றுவதற்கு ஓபன்-தமிழ் என்ற கட்டற்ற பைத்தான் நிரல்தொகுப்பைப் பயன்படுத்தினேன், அதில் பாமினி உட்படப் பல பழைய குறியீடுகளை யூனிகோடாக்கும் பகுதி இருக்கிறது. முதல் முயற்சியில் முழுக் கோப்பையும் அப்படியே கொடுத்துவிட்டேன், தவறு. கோப்புக்குள் ஆங்கிலத்தில் இருந்த விலாசங்களும் தமிழாகிவிட்டன. ஷ்வே போன் தா தெரு, ஐயா இன்றைக்கும் மொகல் தெரு என்றுதான் சொல்வார், அந்த விலாசம் இருந்த இடத்திலெல்லாம் வாயில் நுழையாத எழுத்துக் குவியல். ஆங்கில எழுத்துக்கும் பாமினிக்கும் உள்ளே வித்தியாசமே இல்லை என்பதால் நிரலால் பிரித்தறிய முடியாது, எந்தத் துண்டுக்கு எந்த எழுத்துரு போட்டிருக்கிறது என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். பிறகு லிப்ரெஆபிஸில் திறந்து பாமினி போட்ட பத்திகளை மட்டும் எடுத்து மாற்றினோம். நேரம் பிடித்தது. வேறு வழி இல்லை.

தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் என்ற உள்ளீட்டுக் கருவி. தமிழ்99, தட்டச்சு இயந்திர முறை, ஒலிப்பு முறை மூன்றும் அதிலேயே இருக்கின்றன, பர்மிய விசைப்பலகை லினக்ஸின் அடிப்படை அமைப்பிலேயே உண்டு. தொடக்கத்தில் லிப்ரெஆபிஸில் மட்டும் தமிழ் சரியாக விழவில்லை, அதைத் திரை முகப்போடு இணைக்கும் ஜிடிகே3 பொதியைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. ஐயா தன் பழைய முறையிலேயே அடிக்கிறார், அக்காவும் அப்படியே. யாரையும் மாற்றச் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்கு மட்டும் தமிழ்99 என்று பிடிவாதமாக நின்றேன். 1999-இல் தமிழ்நாட்டு அரசு அறிவித்த முறை அது, உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. முதல் ஞாயிறு ஒரு சிறுமி ‘அம்மா’ அடித்தாள். அ, ம, ம, ஆ. நாலே தட்டு. நடுவில் புள்ளி தானாக விழுந்ததைப் பார்த்து கையை எடுத்துவிட்டாள், நான் புள்ளியே வைக்கலையே அங்கிள் என்றாள். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி என்பது தமிழின் பழக்கம், விசைப்பலகைக்கு அது தெரியும். ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப வந்தாலும் அப்படியே. ஒற்று எங்கே வரும் என்பதை அன்றைக்கு வகுப்பில் அக்கா விளக்கவே வேண்டியிருக்கவில்லை, பிள்ளைகள் தாங்களே ஒவ்வொரு சொல்லாக அடித்துப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு இந்த ஊரில் தமிழ் படிப்பது என்றால் பெரும்பாலும் கோயில் வகுப்பும் வீடும்தான். வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் கணினி தொடங்க நாலு நிமிடம் எடுப்பதை என்னால் ஏற்க முடியாததற்கு அதுதான் காரணம்.

வகுப்புக்கு இன்னும் மூன்று சேர்த்தோம். டக்ஸ் பெயின்ட், சின்னப் பிள்ளைகள் வரைவதற்கு, தமிழ் முகப்போடு வருகிறது. கிவிக்ஸ், இதில் தமிழ் விக்கிப்பீடியாவையும் விக்சனரியையும் முழுதாக இறக்கி வைத்துக்கொண்டு இணையமே இல்லாமல் படிக்கலாம், கோப்புகளை அந்த நண்பர்தான் கொண்டுவந்தார். மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள், 1998 பொங்கலன்று தொடங்கி உலகத் தமிழர்கள் கையால் தட்டியும் திருத்தியும் சேர்த்தவை, ஆத்திசூடியிலிருந்து தொடங்கி வகுப்புக்கு வேண்டியதை ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தோம்.

அச்சு, கரண்ட், சரிப்படாதவை

பிரிண்டர் விஷயத்தில் தோற்றேன். கோயிலில் இருந்த லேசர் பிரிண்டர் தானாக எதையும் புரிந்துகொள்ளாது, கணினியில் இருக்கும் அதன் சொந்த டிரைவர்தான் பக்கத்தை வரைந்து அனுப்ப வேண்டும், அந்த டிரைவர் விண்டோஸுக்குத்தான் ஒழுங்காக இருக்கிறது. இரண்டு இரவு முயன்றேன். ஒரு பக்கம் வரும், அடுத்த பக்கத்தில் உறைந்துவிடும். கடைசியில் ஒரு அன்பர் தன் கடைப் பரணில் கிடந்த பழைய எச்பி லேசர்ஜெட் 1320-ஐக் கொடுத்தார். அது போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் என்ற பொதுவான அச்சு மொழிகள் இரண்டும் புரிந்துகொள்ளும் காலத்துப் பிரிண்டர், சொருகியதும் அடித்தது, தாளின் இரண்டு பக்கமும் தானாகவே. பழைய கணினிக்கு பிரிண்டர் தேடுகிறவர்கள் இந்த இரண்டு சொற்களில் ஒன்று அதன் விவரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் தைரியமாக எடுக்கலாம்.

கடைக்கு அனுப்பும் நோட்டீஸ் எல்லாம் இப்போது பிடிஎஃப் ஆகத்தான் போகிறது. எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்துவிடுவதால் கடைக் கணினியில் தமிழ் இருக்கிறதா, சௌஜியா யூனிகோடா என்ற கவலை இல்லை. முன்பு கடைக்காரர் கோப்பைத் திறந்ததும் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வரும், திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஐயா அங்கேயே உட்கார்ந்து திரும்ப அடிப்பார்.

கரண்டுக்கு யுபிஎஸ் வாங்க வழியில்லை. லிப்ரெஆபிஸ் வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒரு முறை மீட்புத் தகவலைச் சேமிக்கும், அதை 2 நிமிடமாக்கினேன். எப்போதும் ஒரு காப்புப் பிரதி எடு என்ற தேர்வும் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இதுவரை பெரிய இழப்பு இல்லை.

யூடியூப் ஓடும், ஆனால் 480 தரத்துக்கு மேல் போனால் திணறுகிறது. இந்தக் காலத்து வீடியோவை விரிக்கும் சில்லு இந்தக் கணினியில் இல்லை, எல்லாவற்றையும் சிப்பே செய்ய வேண்டும். பாடலை எச்264 என்ற பழைய வீடியோ வடிவில் முன்கூட்டியே இறக்கி விஎல்சியில் போடுவது அக்காவின் வழி, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. வேர்டில் அடித்த பழைய டாக்எக்ஸ் கோப்புகளில் அட்டவணைகள் இடம் மாறின, அவற்றைக் கையால் சரிசெய்து லிப்ரெஆபிஸின் சொந்த ஓடிடி வடிவில் வைத்தோம்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. பொத்தானை அமுக்கி ஒரு நிமிடத்துக்குள் எழுதத் தொடங்கலாம். ஐயா கன்ட்ரோல்-எஃப் அமுக்கி உபயதாரர் பெயரைத் தேடக் கற்றுக்கொண்டார், போன பங்குனி உத்திரத்துக்கு யார் என்ன உபயம் என்று கேட்டு வந்தவர்களுக்கு நின்ற இடத்திலேயே பதில் சொன்னார்.

ஒரே ஒரு கோப்பு மட்டும் திறக்கவில்லை. 2003-ஆம் வருட நன்கொடைப் பதிவேடு, பாமினியும் இல்லை, டிஸ்கி என்ற இன்னொரு பழைய தமிழ்க் குறியீடும் இல்லை, அன்றைக்கு யாரோ கொண்டுவந்த எழுத்துரு, அது எங்கள் யாரிடமும் இல்லை. அதன் அச்சுப் பிரதி மட்டும் பீரோவில் இருந்தது, டாட் மேட்ரிக்ஸில் அடித்து மை மங்கியது. அச்சுப் படத்திலிருந்து எழுத்தைப் படித்துத் தரும் டெசராக்ட் என்ற மென்பொருளுக்குத் தமிழும் தெரியும், நல்ல அச்சில் நன்றாகவே படிக்கிறது, இந்தப் புள்ளி புள்ளி எழுத்தில் ‘ன’வும் ‘ண’வும் ஒன்றாகிப் பெயர்களெல்லாம் கெட்டுவிட்டன. அதனால் பெரிய பிள்ளைகள் நால்வர் வகுப்பு முடிந்ததும் அதைத் தமிழ்99-இல் தட்டுகிறார்கள், ஒருவர் வாசிக்க ஒருவர் அடிக்க, ஞாயிறுக்கு இரண்டு மூன்று பக்கம். படிக்க முடியாத பெயர் வந்தால் ஐயாவைக் கூப்பிடுகிறார்கள், அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, யார் மகன், எந்தத் தெரு என்று சொல்லிவிட்டுப் பெயரைச் சொல்கிறார். போன வாரத்தோடு 41 பக்கம் முடிந்திருக்கிறது.